மூடிய பீப்பாய்க்கு வடிகுழாய்

சுங்குடிக்குச் சாயமேற்றும் மதுரைத் தொழிலாளர்க்கும், நாற்றுக்கு நீர் சேர்த்துவைக்கும் மேலூர் உழவர்க்கும் 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் உற்ற துணை. ஆயின் தலை மூடிய பீப்பாயின் அடியில் குழாய் வைக்க உள்ளே கை எட்டுவதில்லை. அதற்காகத் தலையை அறுக்க வேண்டியதில்லை. இரும்புப் பீப்பாயை நெருப்பால் அறுப்பதோ உயிருக்கே ஆபத்து. தங்கிய எண்ணெயின் ஆவி வெடிக்கும்.

மேல்வாய்க்கு நேர் கீழே, அடியையொட்டித் துளையிட்டு, கம்பியின் உதவியால் அதன் வழியே ஒரு கயிற்றை மேல்வாய்வரை ஏற்றுவோம். அரை அங்குல டேங்க் நிப்பிளில் ரப்பர் வாஷரை மாட்டி, மரைமுனை வழியாகக் கயிற்றைக் கோத்து, மறுமுனையில் குறுக்கே மூங்கில் குச்சி கட்டுவோம். (ஆணி வேண்டா, உள்ளே விழுந்தால் துரு சாயத்தைக் கெடுக்கும்.) நிப்பிளை உள்ளே விட்டுக் கீழிருந்து இழுத்தால் மரை துளையில் வந்து நிற்கும். கயிற்றைத் தளரவிடாமல் வெளியே நட்டை முடுக்கியபின் கயிற்றை அறுத்துவிடலாம். குச்சி நீரில் மிதந்து வரும்.