சயின்ஸ் பிராஜக்ட்: எந்தச் சோதனையை எடுக்கலாம்?

பள்ளியில் சயின்ஸ் பிராஜக்ட் கேட்கிறார்கள் என்று பிள்ளை வந்து நின்றால், நம் வீடுகளில் முதலில் நடப்பது கடைக்குப் போவதுதான். தெர்மாகோல், பெயிண்ட், பேட்டரி மோட்டார் வாங்கி இரவெல்லாம் அத்தா ஒட்டுவார். அல்லது எரிமலையோ காற்றாலையோ ரெடிமேடாகவே வந்துவிடும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தச் செலவு பெரிய செலவு. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறது.

இத்தனைக்கும் அது சோதனையே அல்ல, மாதிரி. எரிமலை பொங்கும் என்பது செய்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். செய்து பார்த்த பிறகே விடை தெரிகிற ஒரு கேள்வி இருந்தால்தான் சோதனை. அப்படிப்பட்ட கேள்விகள் போடியில் நிறையவே கிடக்கின்றன.

ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறம் குறைந்தால் விலை குறையும் என்பது காய் பிரிக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வியாபாரிகள் காயைக் கறுப்பு பாலித்தீன் உறை போட்ட சாக்கில் வைப்பதும் தெரியும். ஏன் கறுப்பு? வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்குமா? இதுதான் பிராஜக்ட்.

ஒரே மாதிரி நிறமுள்ள காய்ந்த ஏலக்காய் முப்பது போதும். மூடியுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பத்துப் பத்தாகப் போடுங்கள். ஒரு பாட்டிலைக் கறுப்புத் துணியாலோ தடித்த காகிதத்தாலோ முழுக்கச் சுற்றிவிடுங்கள். இரண்டையும் ஒரே ஜன்னலில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம். அங்கே வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்துகொள்ளும், நிறம் மாறியது எதனால் என்று பிறகு சொல்ல முடியாது. மீதி பத்துக் காயை டப்பாவில் போட்டு இருட்டான அலமாரியில் வைத்துவிட்டால் கடைசியில் ஒப்பிட உதவும். மூன்று வாரம் ஒதுக்குங்கள். பிராஜக்ட் கொடுக்க வேண்டிய தேதிக்கு முதல் நாள் தொடங்கினால் ஒன்றும் நடக்காது.

ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைப்பதுதான் இதில் உயிர். பஸ்ராவில் 965-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த இப்னுல் ஹைதம் ஒளியை ஆராய்ந்ததும் இப்படித்தான். பல விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரு சிறு துளை வழியே இருட்டறைக்குள் வெளிச்சம் விழச் செய்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய வெளிச்சப் புள்ளி மட்டும் மறைந்தது. கருவி என்று பார்த்தால் விளக்கும் துளையும்தான்.

நிறத்தை எப்படி அளப்பது என்று பிள்ளை கேட்கும். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வெள்ளைத் தாள் மேல் காய்களை வைத்து போனில் படம் எடுக்கலாம். அதைவிட நல்ல கருவி வீட்டிலேயே இருக்கிறது: காய் பிரித்துப் பழகிய அம்மாவின் கண். எந்தக் காய் எந்த பாட்டில் என்று சொல்லாமல் கலந்து கொடுத்து, பச்சை அதிகமானது முதல் குறைந்தது வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பெரியம்மாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் சொன்னதை அட்டவணையாக நோட்டில் எழுதினால் அதுவே முடிவு. வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். மார்க்குக்காக நிறத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது நீளம். பாசிப்பயறை ஈரத் துணியில் முளைகட்டி, ஒரு தட்டை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைத்து, தினமும் ஸ்கேலால் அளந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கும் யோசனை கொடுக்கலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். பள்ளி மூலமாகத்தான் பதிய முடியும். அங்கே கேட்பது சொந்த யோசனை. குறைந்த செலவில் காயின் பச்சையைக் காக்கும் உறை எது என்று இதே சோதனையை நீட்டினால், ஆசிரியரிடம் கொண்டுபோக ஒரு யோசனை கையில் இருக்கும்.