ஏரி அரையளவு இருந்தால் நவரை போடலாமா?
முப்பது வருடக் கணக்கு சொல்லும் பதில்

மார்கழி பிறந்துவிட்டால் ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் வட்டாரத்து ஏரிப் பாசன விவசாயிகளுக்கு ஒரு கவலை வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம். சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது. ஏரியில் பாதித் தண்ணீர் நிற்கிறது. இதை நம்பி நவரைக்கு நாற்று விடலாமா, கூடாதா?

விமானப் படைத் தளத்தை ஒட்டியுள்ள முத்தாபுதுப்பேட்டையைச் சுற்றிலும் மனைகளாக மாறியவை போக மிச்சமிருக்கும் நிலங்கள் பெரும்பாலும் சிறு துண்டுகள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் கையில் காசு இராது. ஆகவே இந்தக் கேள்வி அவருக்குச் சாதாரணக் கேள்வி அல்ல.

ஏரிக்கரையில் நாலு பேர் கூடினால் ஒருவர், "போன வருஷமும் அரை ஏரிதான். தை மாசம் ஒரு மழை பெய்து காப்பாத்திடுச்சு. தைரியமா நடு" என்பார். இன்னொருவர், "இதே அளவு தண்ணியை நம்பி நட்டுத்தான் மாமா, கதிர் வர்ற நேரத்துல காய விட்டு மாட்டை மேய விட்டேன்" என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. ஆனால் ஒவ்வொருவரும் மனதில் நிற்கும் ஒரே ஒரு வருடத்தைத்தான் சொல்கிறார். எல்லா வருடங்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்? அதற்கென்றே கணிதத்தில் ஒரு வழி இருக்கிறது. கூட்டல், வகுத்தல் தெரிந்தவர் எவரும் அதைச் செய்து பார்க்கலாம்.

ஏரிக்கு நான்கு நிலை

முதலில் ஏரியின் அளவைச் சில நிலைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிறைவு, அரை, கால், வறட்சி என நான்கு போதும். ஏரி எந்த நாளில் பார்த்தாலும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். இப்படி இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் சேர்த்துக் கணித நூல்களில் 'நிலைவெளி' என்கிறார்கள்.

அடுத்து, ஜனவரி முதல் தேதியன்று ஏரி எந்த நிலையில் இருந்தது, அந்தத் தண்ணீர் மார்ச்சு கடைசி வரை மதகில் வந்ததா என்ற இரண்டை மட்டும் ஒவ்வொரு வருடத்துக்கும் குறிக்க வேண்டும். 30 வருடக் குறிப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வருபவை கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்களே. எந்த ஏரியின் உண்மைக் கணக்கும் அல்ல.

நிறைவு: 9 வருடம். அவற்றில் மார்ச்சு வரை தண்ணீர் வந்தது 8 வருடம்.
அரை: 12 வருடம். தண்ணீர் வந்தது 5 வருடம்.
கால்: 6 வருடம். தண்ணீர் வந்தது 1 வருடம்.
வறட்சி: 3 வருடம். தண்ணீர் வந்த வருடமே இல்லை.

முப்பதில் 9, 12, 6, 3 என்பது நூற்றுக்கு 30, 40, 20, 10 ஆகிறது. ஏரி எந்த நிலையில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை இந்தப் பங்கீடு காட்டுகிறது. இதற்கு 'நிகழ்தகவுப் பரவல்' என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் இவ்வளவுதான்.

மொத்தத்தில் 30 வருடத்தில் 14 வருடம் நவரைக்குத் தண்ணீர் கிடைத்திருக்கிறது. "ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு" என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பேச்சால் யாருக்கும் பயனில்லை. ஏரி நிறைந்திருந்தால் 9க்கு 8. கால் ஏரி என்றால் 6க்கு 1. இன்று ஏரி எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் வாய்ப்புக் கணக்கு வயலுக்கு உதவும்.

வரவு செலவு பார்ப்போம்

ஒரு ஏக்கர் நவரை நெல்லுக்கு ஆகும் செலவு 10 மூட்டை நெல்லின் விலைக்குச் சமம் என்றும், தண்ணீர் கடைசி வரை வந்தால் 22 மூட்டை விளையும் என்றும் வைத்துக்கொள்வோம்.

அரை ஏரியாக இருந்த 12 வருடமும் நட்டவருக்குச் செலவு 120 மூட்டை. விளைந்தது 5 வருடம். வரவு 110 மூட்டை. பன்னிரண்டு போகம் பாடுபட்டும் 10 மூட்டை நஷ்டம். ஏரி நிறைந்த 9 வருடம் நட்டவருக்கோ செலவு 90, வரவு 176; கையில் நிற்பது 86 மூட்டை.

அதே அரை ஏரியில் 65 முதல் 70 நாளில் முடியும் உளுந்து போட்டால், பிப்ரவரி வரை ஈரம் இருந்தால் போதும். ஏக்கருக்கு 2 மூட்டை நெல் விலை செலவு, 5 மூட்டை விலை வரவு, 12 வருடத்தில் 10 வருடம் தேறியது என்று கொண்டால், செலவு 24, வரவு 50. மிச்சம் 26 மூட்டை. நெல்லைவிட வரவு குறைந்த பயிர்தான். ஆனால் இந்த நிலையில் குடும்பத்தைக் காப்பது அதுவே.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. லாப நஷ்டத்தைப் பன்னிரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பார்க்கலாம். கடன்காரர் இந்த வருடமே வாசலில் நிற்பார். பெரிய நிலக்காரர் இரண்டு நஷ்டத்தைத் தாங்கி மூன்றாவது வருடத்தில் ஈடு செய்வார். சிறு விவசாயிக்கு அது முடியாது. எனவே அரை ஏரி வருடத்தில் நெல் நட்டே தீரவேண்டும் என்பவர், மதகுக்கு அருகே உள்ள 30 சென்ட்டில் மட்டும் நட்டு, மீதியில் உளுந்து விதைப்பது நல்லது.

அரை ஏரி இரண்டு வகை

நிலைகளைப் பிரிப்பதில் கவனம் வேண்டும். ஜனவரி முதல் தேதி ஏரி அரையளவு இருக்கிறது. வரத்துக் கால்வாயில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. மற்றொரு வருடமும் அதே அரையளவு. ஆனால் கால்வாய் காய்ந்து பதினைந்து நாளாகிறது. இரண்டும் ஒன்றாகுமா? ஆகாது. இவற்றை 'வரத்துள்ள அரை', 'வரத்தில்லா அரை' எனத் தனித்தனி நிலைகளாக்க வேண்டும். இனி நடக்கப்போவதை மாற்றக்கூடிய முக்கியமான செய்தி எதுவோ, அது நிலைக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதே விதி. கிணறு உள்ளவர் கிணற்று நீர்மட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்காக ஏரியை அங்குலம் அங்குலமாகப் பிரித்து நூறு நிலை செய்தாலும் பயனில்லை. இருப்பது 30 வருடக் குறிப்பு. நூறு நிலைக்குப் பங்கிட்டால் ஒரு நிலைக்கு ஒரு வருடம்கூட வராது. எண்ணுவதற்கு எதுவும் இராது. நாலைந்து நிலைகளே ஏற்றவை.

புழுதி விதைப்புக்கும் இதே கணக்கு

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் ஆடி, ஆவணியில் புழுதியில் நெல் விதைப்போருக்கும் இது பயன்படும். வானிலைத் துறையினர் வருடத்தை 52 வாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஜனவரி 1 முதல் 7 வரை முதல் வாரம். ஆகஸ்டு 13 முதல் 19 வரை 33வது வாரம். ஒரு வாரத்தில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் 'மழை வாரம்', குறைந்தால் 'வறண்ட வாரம்' எனக் கொள்ளலாம். இங்கே நிலைகள் இரண்டே.

மீண்டும் எடுத்துக்காட்டாக, 30 வருடத்தில் 33வது வாரம் 18 வருடம் மழை வாரம், 12 வருடம் வறண்ட வாரம் என்று வைப்போம். மழை வாரமாயிருந்த 18 வருடத்தில், அடுத்த வாரமும் மழை கண்டது 12 வருடம். வறண்டது 6 வருடம். வறண்ட வாரமாயிருந்த 12 வருடத்தில், அடுத்த வாரமும் வறண்டது 7 வருடம்.

மழை பெய்ததும் விதை முளைத்துவிடும். அதன் பிறகு தொடர்ந்து இரண்டு வாரம் காய்ந்தால் முளை கருகும். அதற்கு வாய்ப்பு எவ்வளவு? மழை வாரத்தை அடுத்து வறண்ட வாரம் வருவது 18க்கு 6, அதாவது மூன்றில் ஒன்று. அதன் பின் மறுபடி வறள்வது 12க்கு 7 என்றே கொண்டால், இரண்டையும் பெருக்க வேண்டும். விடை 36க்கு 7. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து முறை விதைத்தால் ஒரு முறை மறுவிதைப்பு வரலாம் என்று பொருள். அதற்கேற்ப மறுவிதைப்புக்குக் கொஞ்சம் விதையை ஒதுக்கி வைத்தவர் ஆவணியில் அலைய வேண்டியதில்லை.

இந்தக் கணக்கின் வரலாறு

இன்றைய நிலையிலிருந்து நாளைய நிலைக்கு என்ன வாய்ப்பு என்று சங்கிலிபோல் கோக்கும் இம்முறைக்கு ருஷ்ய நாட்டுக் கணித அறிஞர் மார்க்கோவின் பெயர் வழங்குகிறது. 1913ல் அவர் புஷ்கின் எழுதிய செய்யுள் நாவல் ஒன்றில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தை அடுத்து மெய் வருவது எத்தனை, உயிரே வருவது எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். 1954ல் ஆஸ்திரேலியாவில் மோரன் என்பவர் இதையே நீர்த்தேக்கத்துக்குப் பொருத்தினார். தேக்கத்தின் அளவே நிலை. வரும் தண்ணீர் பருவத்துக்குப் பருவம் மாறும். திறந்துவிடுவது நம் கையில். நம் ஏரிக்கணக்கும் அதுதான். 1962ல் கேப்ரியல், நியூமன் என்ற இருவர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத்து 27 வருட மழைக் குறிப்பை எடுத்து, மழை நாளும் வறண்ட நாளும் இப்படிச் சங்கிலியாகவே வருவதைக் காட்டினர். இன்று இந்திய வேளாண் வானிலை ஆய்வுகளில் வார மழை வாய்ப்பு இம்முறையில்தான் பெரிதும் கணக்கிடப்படுகிறது.

சராசரியை நம்பினால்

தமிழ்நாட்டில் 2015ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மிதந்தது. மறு வருடம், 2016ல், வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. இரண்டு வருடத்தையும் கூட்டிச் சராசரி போட்டால் வழக்கமான மழை என்றே வரும். ஆனால் ஒரு வருடம் பயிர் அழுகியது. ஒரு வருடம் காய்ந்தது. சராசரி மழை பெய்த வருடம் இரண்டில் ஒன்றுகூட இல்லை. 2018ல் சென்னை வட்டாரத்தில் மழை பொய்த்ததால் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டன. எனவே சராசரி எவ்வளவு என்பதோடு நிற்காமல், எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று பார்க்க வேண்டும். நான்கு வருடத்தில் மூன்று வருடம் தவறாமல் கிடைக்கும் மழை எவ்வளவோ, அதையே நம்பகமான மழையாகக் கொண்டு பயிரைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

"மூன்று வருஷம் பொய்த்தது, இந்த வருஷம் கட்டாயம் பெய்யும்" என்பதும் தவறு. பொய்த்த வருடங்களுக்கு ஈடு கட்ட வேண்டும் என்று வானத்துக்குக் கடமை ஏதும் இல்லை.

செய்ய வேண்டியவை

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்து, குறித்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும்.

வாரம் ஒரு முறை ஏரியின் நிலையையும், வரத்துக் கால்வாயில் ஓட்டம் உண்டா என்பதையும் எழுத வேண்டும். மதகுக் கல்லில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டால் அளவு தவறாது.

பழைய வருடங்களுக்கு ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதலாம். ஆனால் கெட்ட வருடம் மனதில் நிற்கும். சாதாரண வருடம் மறந்துபோகும். ஆகவே இருவர் மூவரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் நீர்மட்டம் பத்திரிகைகளில் வருகிறது. முழு அளவு 24 அடி கொண்ட அந்த ஏரியின் போக்கோடு உள்ளூர் ஏரியை ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீர்ப்பிடிப்பில் வீடுகள் எழுந்து, வரத்துக் கால்வாய் அடைபட்டுவிட்ட ஏரிக்குப் பழைய முப்பது வருடக் கணக்கு பொருந்தாது. கால்வாய் மாறியது முதல் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும். நகரம் நெருங்கி வரும் ஆவடி வட்டாரத்தில் இதை முதலில் கவனிக்க வேண்டும். அடைப்பு நீங்கினால் வாய்ப்புக் கணக்கும் நல்ல பக்கம் மாறும் என்பதால், கால்வாயைத் தூர்வாரக் கோருவோருக்கு இந்தக் குறிப்பேடே நல்ல சாட்சியாகும்.

வரும் வருடம் எப்படி இருக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லிவிடாது. இந்த நிலையில் இறங்கினால் எத்தனை முறை தப்பலாம், எத்தனை முறை நஷ்டம் வரலாம் என்பதை மட்டும் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டு, தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் நாற்று விடுவோர் கெட்ட வருடத்திலும் அடுத்த போகத்துக்கான விதையைக் கையில் வைத்திருப்பார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும்தான் இதற்குச் செலவு.