நாலடியில் ஒரு மலை

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். யாப்பு என்றால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். அதனால் இயற்கைப் பாட்டின் அமைப்பைக் காட்ட, எங்கள் மலையிலேயே பிறந்த நாலடிப் பாட்டொன்றை எடுப்பேன். கோப்பி நட்டதையும் கூடப் பிறந்தவன் மாண்டதையும் சொல்லி, தூரத்து மலை ஒன்றை யாரோ சுட்டிக் காட்டும் பாட்டு அது. மலையகத்தில் பலருக்கும் தெரியும்.

நான் அறிந்த வடிவில் முதல் மூன்று அடிகளும் 'மலை' என்றே முடிகின்றன. இது இயைபு. அங்கே நடந்ததெல்லாம் பெயரெச்சமாக முன்னால் வர, மலை கடைசியில் வந்து அத்தனையையும் தாங்குகிறது. அழகு என்று ஒரு சொல்கூட இல்லை. 'மலை' நிரையசை, நாலாமடியோ நெடிலோடு கூடிய நேரசையில் முடிகிறது. அந்த நெடிலில்தான் பாடுபவர் குரலை இழுக்கிறார். அதுவரை அடுக்கிய துக்கம் முழுக்க அந்த இழுப்பில் இறங்கும்.

மோனைதான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. முதலடி 'கூ' என்று தொடங்குகிறது, இரண்டாமடி கோப்பியின் 'கோ' என்று. ஊகாரமும் ஓகாரமும் மோனைக்கு ஓரினம். பின்னிரண்டு அடிகளும் அகரத்தில் தொடங்கும். அந்தக் கோப்பி பிறகு மலையில் நிலைக்கவில்லை: இலங்கைக் கோப்பியை 1869இல் இலைநோய் பிடித்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டிருந்தார். சில பத்தாண்டுகளில் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. பாட்டில் மட்டும் கோப்பி அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் தேயிலையைப் போட்டுப் பாருங்கள், மோனை அறுந்துவிடும். அந்தப் பயிரின் நினைவை வாய்மொழியில் காத்ததில் மோனைக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன்.

இத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). தோட்டத்தில் பிறந்தவர்; 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதிய அவரே, லயம் என்னும் தோட்டக் குடியிருப்பில் பாடப்பட்ட பாட்டுகளையும் இலக்கியமாக மதித்துச் சேர்த்தார்.

அலகிடும் பயிற்சிக்கு நான் கொடுக்கும் வீட்டுவேலை இதுதான்: அம்மாயியிடம் ஒரு பாட்டைக் கேட்டு, பேச்சுச் சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அவர் குரல் எங்கே நீள்கிறதோ அங்கே கோடு போடுங்கள். அசை பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.