வணிகரின் குரலும் அரசின் செவியும்

நுழையும்முன்

கடைத்தெருவில் ஒரு வணிகர் வரியைப் பற்றிக் குறை கூறினால், அருகிலிருப்போர் கேட்டுத் தலையசைப்பர். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அதே குறையை நூறு வணிகர் ஒன்றுகூடி ஆராய்ந்து, கணக்கிட்டு, எழுதி, உரிய அலுவலரிடம் அளித்தால் அது கோரிக்கையாக உருப்பெறுகிறது. குறையைக் கோரிக்கையாக மாற்றும் அமைப்புகளே தொழில் வர்த்தக சபைகள். அவை அரசுடன் எவ்வாறு பேசுகின்றன, எதனால் வெல்கின்றன, எங்கே நின்றுவிட வேண்டியிருக்கிறது என்பவற்றைக் கொங்கு நாட்டுத் தொழில்களை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

பழைய வேர்கள்

வணிகர் கூடி அமைப்பாக இயங்குவது தமிழருக்குப் புதிதன்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் முதலிய வணிகக் குழுக்களின் பெயர்கள் பரவலாகக் காணப்படுகின்றன. கொல்லத்தில் கி.பி. 849ஆம் ஆண்டில் அளிக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், அறக்கொடையைக் காக்கும் பொறுப்பை அஞ்சுவண்ணத்திற்கும் மணிக்கிராமத்திற்கும் வழங்குகின்றன. ஆட்சியாளர் நம்பிப் பொறுப்பளிக்கும் நிலையில் வணிகக் குழுக்கள் அன்றே இருந்தமைக்கு இது சான்றாகும்.

இன்றைய வடிவிலான வணிக சபை ஐரோப்பாவில் தோன்றியது. பிரான்சு நாட்டின் துறைமுக நகரான மார்செய்யில் 1599ஆம் ஆண்டில் அமைந்த சபையே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. சென்னையில் ஆங்கிலேய வணிகர்கள் 1836ஆம் ஆண்டில் மெட்ராஸ் வர்த்தக சபையை நிறுவினர். இந்திய வணிகரின் நலனைப் பேசத் தனி அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற, 1909ஆம் ஆண்டில் தென்னிந்திய வர்த்தக சபை உருவாயிற்று. மதுரையில் 1924ஆம் ஆண்டிலும் கோவையில் 1929ஆம் ஆண்டிலும் இத்தகைய சபைகள் தோன்றின.

ஆங்கிலேயர் ஆட்சியில் வணிக சபைகளுக்குத் தனிச்சலுகை ஒன்று இருந்தது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவற்றிற்கென உறுப்பினர் இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விடுதலைக்குப் பின் வந்த மக்களாட்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பதே நெறி. செல்வருக்கும் வணிகருக்கும் தனி இடம் இல்லை. அரசமைப்பின் 19ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கும் பேச்சுரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையுமே இன்று வணிக சபைகளின் அடித்தளம். ஆணையிடும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை; எடுத்துரைத்து ஏற்கச் செய்யும் ஆற்றல் மட்டுமே உண்டு.

கோவையின் கிரைண்டர்

கோவை நகரையும் மாவரைக்கும் கிரைண்டரையும் பிரித்துப் பார்க்க இயலாது. ஆட்டுக்கல்லில் கையால் மாவாட்டி வந்த நிலையை மாற்றி, மின்விசையால் இயங்கும் கிரைண்டர் 1955ஆம் ஆண்டளவில் கோவையில் உருவாக்கப்பட்டது. ஊத்துக்குளிப் பகுதியின் கல்லும், கோவைப் பட்டறைகளின் மோட்டாரும் இணைந்து இத்தொழிலை வளர்த்தன. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கல் கொத்துவோர், மோட்டார் சுற்றுவோர், உடற்பகுதி செய்வோர், பொருத்துவோர் எனப் பல சிறு பட்டறைகளின் உழைப்பு ஒரே கிரைண்டரில் சேர்கிறது. ஆகவே, அதன் விலையில் ஏற்படும் மாற்றம் பல குடும்பங்களின் வருவாயைத் தொடும்.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, கிரைண்டர் 28 விழுக்காட்டு வரி அடுக்கில் வைக்கப்பட்டது. மகிழுந்து, குளிரூட்டி முதலிய விலைமிகு பொருள்கள் இருந்த அடுக்கு அது. ஐயாயிரம் ரூபாய் அடிப்படை விலையுள்ள ஒரு கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். 28 விழுக்காடு என்றால் வாங்குபவர் 1400 ரூபாய் வரி செலுத்த வேண்டும். 12 விழுக்காடு என்றால் 600 ரூபாய். 5 விழுக்காடு என்றால் 250 ரூபாய். இட்லியும் தோசையும் அன்றாட உணவாக உள்ள வீடுகளில் கிரைண்டர் ஆடம்பரப் பொருளா, அடுக்களைக் கருவியா என்பதே இவ்விடத்தில் எழுந்த கேள்வி. கோவை உற்பத்தியாளர்கள் வரியைக் குறைக்குமாறு அரசைக் கோரினர்.

குறை கோரிக்கையாதல்

'வரி அதிகம், தொழில் நடத்த முடியவில்லை' என்பது உணர்வு. அது உண்மையாகவே இருப்பினும் அரசு அலுவலரால் அதைக் கோப்பில் எழுத இயலாது. எவ்வகைப் பொருள், எந்த வரி அடுக்கு, எத்தனை தொழிலகங்கள், எவ்வளவு விற்பனைக் குறைவு, வரியைக் குறைத்தால் அரசுக்கு எவ்வளவு இழப்பு, அவ்விழப்பு எவ்வாறு ஈடாகும் என்னும் வினாக்களுக்கு விடை இருந்தால்தான் கோரிக்கை மேசையிலிருந்து மேசைக்கு நகரும்.

எனவே, வணிக சபை முதலில் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி விவரங்களைத் திரட்டுகிறது. வரி, மின்சாரம், தொழிலாளர் சட்டம், போக்குவரத்து எனத் துறைதோறும் அமைந்த துணைக்குழு அவ்விவரங்களை ஆராய்கிறது. கணக்காளரும் வழக்கறிஞரும் சட்ட நுட்பங்களைச் சரிபார்க்கின்றனர். உறுப்பினருக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுவதுண்டு; பெரிய ஆலைக்கு நன்மை தரும் விதி சிறு பட்டறைக்குச் சுமையாகலாம். அவ்வேறுபாட்டைப் பேசித் தீர்த்த பின்னரே ஒரே குரலில் மனு எழுதப்படுகிறது. நல்ல மனு சுருக்கமாக இருக்கும். ஒரு சிக்கலையும் அதற்கு ஒரு தீர்வையும் சொல்லும். பொய்யான எண் ஒன்றும் அதில் இடம்பெறாது. ஒருமுறை மிகைப்படுத்திய கணக்கைக் கொடுத்த சபையை அடுத்தமுறை எந்த அலுவலரும் நம்பமாட்டார்.

யாரிடம் பேசுவது?

மனு எவ்வளவு சிறந்ததாயினும் உரியவரிடம் சேராவிட்டால் பயனில்லை. கடைத்தெருவின் சாக்கடையும் சொத்து வரியும் மாநகராட்சியைச் சார்ந்தவை. மின்கட்டணத்தை முடிவு செய்வது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டண மாற்றத்திற்கான முன்மொழிவை வெளியிட்டு மக்களின் கருத்தைப் பெற வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் இத்தகைய கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடைபெற்றன. தொழில் அமைப்புகளும் வீட்டு நுகர்வோரும் உழவரும் ஒரே அரங்கில் பேசுவதற்கு அவை வாய்ப்பளித்தன.

சரக்கு மற்றும் சேவை வரியின் விகிதத்தைப் பரிந்துரைப்பது, அரசமைப்பின் 279அ பிரிவின்கீழ் அமைந்த மன்றம். ஒன்றிய நிதியமைச்சர் அதன் தலைவர். மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். மொத்த வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றிய அரசுக்கும், மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்தும் உண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்குமதிப்புத் தேவை. ஆதலால், ஒன்றிய அரசு தனித்தும் முடிவெடுக்க இயலாது. மாநிலங்கள் தனித்தும் முடிவெடுக்க இயலாது. கோவையின் கோரிக்கை சென்னையையும் தில்லியையும் எட்ட வேண்டும்; பிற மாநிலங்களும் அதை மறுக்காதிருக்க வேண்டும். ஓர் ஊரின் சபை, மாநில அளவிலும் நாட்டளவிலும் உள்ள கூட்டமைப்புகளுடன் இணைந்து இயங்குவதன் காரணம் இதுவே.

இறங்கிய வரியும் ஏறிய வரியும்

2017ஆம் ஆண்டு நவம்பரில் குவாகாத்தியில் கூடிய மன்றம், கிரைண்டருக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் கோவாவில் நடந்த கூட்டத்தில் அது 5 விழுக்காடாக மேலும் குறைந்தது. இம்மாற்றங்கள் ஒரு மனுவால் மட்டும் நிகழ்ந்தன என்று கூறிவிட இயலாது. குவாகாத்திக் கூட்டத்தில் கிரைண்டருடன் வேறு பல பொருள்களின் வரியும் குறைக்கப்பட்டது. பல திசைகளிலிருந்து வந்த கோரிக்கைகளும் அரசின் மதிப்பீடும் சேர்ந்தே இத்தகைய முடிவுகளை உருவாக்குகின்றன.

கதை அத்துடன் முடியவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சண்டிகரில் கூடிய மன்றம் கிரைண்டர் வரியை 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப் பரிந்துரைத்தது. ஜூலை 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கு அரசு கூறிய காரணம் 'தலைகீழ் வரி அமைப்பு' என்பதாகும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பட்டறை 3000 ரூபாய்க்கு உதிரிப் பாகங்களை வாங்கி, 18 விழுக்காட்டின்படி 540 ரூபாய் வரி செலுத்துகிறது என்க. அவற்றைக் கொண்டு செய்த கிரைண்டரை 5000 ரூபாய்க்கு விற்று, 5 விழுக்காட்டின்படி 250 ரூபாய் வரி பெறுகிறது. முன்னர்ச் செலுத்திய வரியில் 290 ரூபாய் ஈடாகாமல் நின்றுவிடுகிறது. அதனைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும். அது தாமதமானால் சிறு பட்டறையின் முதல் முடங்கும். விற்பனை வரியை உயர்த்தினால் இம்முடக்கம் நீங்கும் என்பது அரசின் வாதம்.

உற்பத்தியாளர் தரப்பிலோ வேறொரு வாதம் இருந்தது. முதல் முடங்குவது நீங்கினாலும், அதே 5000 ரூபாய்க் கிரைண்டரை வாங்குபவர் 650 ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரும். விற்பனை குறைந்தால் பட்டறையில் வேலையும் குறையும். ஆகவே, உயர்வைத் திரும்பப் பெறுமாறு கோவையிலிருந்து மீண்டும் கோரிக்கை எழுந்தது. இரு வாதங்களிலும் பொருள் உண்டு. அரசின் காரணத்தை முழுமையாகப் புரிந்துகொண்டு அதற்கு விடை கூறும் மனுவே மறுபரிசீலனைக்கு வழிவகுக்கும். பெற்ற சலுகை நிலையானதன்று என்பதையும், கோரிக்கை என்பது ஒருநாள் செயலன்று என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

பொருள் ஒன்றைச் செய்வதற்கு வாங்கும் மூலப்பொருள்களின் மீது செலுத்திய வரியை, அப்பொருளை விற்கும்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு 'உள்ளீட்டு வரிக் கழிவு' என்று பெயர். வரியின் மேல் மீண்டும் வரி விழாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

எல்லை எது?

வணிகரின் கோரிக்கை எல்லாம் மக்களின் கோரிக்கையாகிவிடாது. கோவைக்கு அண்மையிலுள்ள திருப்பூர் இதற்குப் பாடம். பின்னலாடை ஏற்றுமதியால் உலகப் புகழ் பெற்ற அந்நகரின் சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்கு மாறாகக் கழிவுநீர் தேங்கியது. நிலமும் கிணறும் கெட்டு வாழ்விழந்த உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில், விதிகளை நிறைவேற்றும் வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

பட்டறைகள் மூடப்பட்டதால் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர், ஏற்றுமதி தடுமாறியது. தொழில் அமைப்புகள் அரசின் உதவியை நாடின. அவ்வேளையில் 'விதியைத் தளர்த்துக' என்னும் கோரிக்கைக்கு இடமில்லாமற்போயிற்று. 'விதியை நிறைவேற்ற உதவுக' என்பதற்கே இடமிருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு வட்டியில்லாக் கடன் வழங்கியது. ஒரு துளிக் கழிவும் வெளியேறாத முறையை நோக்கித் தொழில் நகர்ந்தது. ஆற்றையும் உழவரையும் கணக்கில் கொள்ளாத வளர்ச்சி தன்னையே முடக்கிக்கொள்ளும் என்பதைத் திருப்பூர் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

வணிக சபையின் கூட்டத்தில் தொழிலாளி அமர்வதில்லை; நுகர்வோர் அமர்வதில்லை; ஆற்றுக்கும் அங்கே இருக்கை இல்லை. அவர்கள் பேசுவதற்குத் தொழிற்சங்கம், நுகர்வோர் மன்றம், உழவர் சங்கம், நீதிமன்றம் என வேறு வாயில்கள் உள்ளன. எல்லா வாயில்களும் திறந்திருப்பதும், எல்லாக் குரல்களையும் கேட்டபின் அரசு முடிவெடுப்பதுமே மக்களாட்சி. மூடிய அறையில் பேசப்படும் கோரிக்கை ஐயத்தை வளர்க்கும். எல்லாரும் படிக்குமாறு வெளியிடப்படும் மனு நம்பிக்கையை வளர்க்கும்.

குரலின் வலிமை

கல் கொத்தும் ஒரு தொழிலாளிக்கு மன்றத்தின் வாக்குமதிப்பு தெரியாதிருக்கலாம். ஆயினும், அங்கே எடுக்கப்படும் முடிவு அவருடைய வாரக்கூலியில் வந்து முடிகிறது. தொலைவிலுள்ள அவ்வறைக்கும் இப்பட்டறைக்கும் இடையே செய்தியைச் சுமந்து செல்வது வணிக சபையின் பணி. உண்மையான கணக்கைச் சொல்லுதல், எதிர்த்தரப்பின் காரணத்தை மதித்தல், பிறர் நலனைக் கெடுக்காத தீர்வை நாடுதல் ஆகிய மூன்றும் இருந்தால் சிறிய ஊரின் குரலும் தலைநகரில் கேட்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள வணிகர் அல்லது தொழில் அமைப்பு ஒன்றின் பொறுப்பாளரைச் சந்தித்து, அவ்வமைப்பு அண்மையில் அரசிடம் முன்வைத்த கோரிக்கையைக் கேட்டறிந்து எழுதுக.

2. உங்கள் பள்ளியருகே உள்ள பொதுச் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, விவரங்களைத் திரட்டி, உரிய அலுவலருக்கு ஒரு பக்க அளவில் விண்ணப்பம் எழுதுக.

3. 'கிரைண்டருக்கான வரி உயர்வு சரியா?' என்னும் தலைப்பில் அரசு, உற்பத்தியாளர், நுகர்வோர் என மூன்று அணிகளாகப் பிரிந்து வகுப்பில் கலந்துரையாடுக.