நின்று செலுத்தும் நீரூர்திக்கு மறுவாழ்வு

கோவா போன்ற கடற்கரைகளுக்கு விடுமுறையில் சென்று வந்த அன்பர்கள், நீரைக் கிழித்துக்கொண்டு விரையும் சிறு இயந்திர ஊர்திகளைக் கண்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிளைப் போல் அமர்ந்து செலுத்துபவை. அவற்றுக்கு மூத்த வகை ஒன்று உண்டு. அதில் இருக்கை கிடையாது. பின்பக்கம் தொட்டி போன்ற தரை; முன்பக்கத்திலிருந்து நீண்டு வரும், மேலும் கீழும் அசையும் ஒரு கம்பம்; அதன் நுனியில் கைப்பிடி. தரையில் நின்றவாறே இதனைச் செலுத்த வேண்டும். கவாசாகி நிறுவனம் இதற்குச் சூட்டிய ‘ஜெட் ஸ்கீ’ என்னும் வணிகப் பெயரே நாளடைவில் இவ்வகை ஊர்திகள் அனைத்துக்கும் பேச்சு வழக்கில் பொதுப்பெயராகிவிட்டது.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் மூத்த மகன் அமெரிக்காவில் பணிபுரிகிறார். அவர் இத்தகைய பழைய ஊர்தி ஒன்றை மலிவாக வாங்கி, ஒருநாள்கூட நீரில் இறக்காமல், முதற்காரியமாக அதன் தரையை அறுத்தெடுக்கத் தொடங்கினாராம். “காசு கொடுத்து வாங்கிய பொருளை அறுப்பானேன்?” என்று அவருடைய தந்தையார் நம்மிடம் வினவினார். நியாயமான வினாதான். அதற்குரிய விடை, நீரில் இறங்குகிறவனின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதாகவும் இருத்தலால், அதனைச் சற்று விரிவாகவே இங்கு எழுதலானோம்.

பிறந்த கதை

கிளேட்டன் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர். நிலத்தில் விழுந்தால் எலும்பு முறிகிறது; நீரில் விழுந்தால் நனைவதோடு போயிற்று என்று எண்ணியவர், 1960களின் நடுவில் நீரில் ஓடும் ஊர்திக்கு மாதிரிகள் செய்து பார்த்தார். முதலில் கனடாவின் பொம்பார்டியர் நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றினார். அந்நிறுவனம் 1968இல் வெளியிட்ட அமர்ந்து செல்லும் ஊர்தி அக்காலத்தில் நிலைபெறவில்லை. பின்னர் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் அவருடைய நின்று செலுத்தும் திட்டத்தை ஏற்று, 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. யமஹா நிறுவனம் ‘சூப்பர் ஜெட்’ என்ற பெயரில் தனது நின்று செலுத்தும் ஊர்தியை 1990இல் வெளியிட்டது. இவ்விரு நிறுவனங்களின் பழைய ஊர்திகளே இன்று வீட்டுக் கொட்டகைகளில் பழுதுபார்க்கப்படுபவற்றுள் மிகுதி.

நுரை எதற்கு?

ஊர்தியின் உடல் கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த ஓடு. அடி ஓடு ஒன்று, மேல் ஓடு ஒன்று. இரண்டையும் விளிம்பில் ஒட்டி இணைத்திருப்பார்கள். முன்பாகத்தில் இயந்திரம் இருக்கும். நிற்கும் தரைக்குக் கீழும், இரு பக்கச் சுவர்களின் உட்புறத்திலும் உள்ள வெற்றிடங்களில் பாலியூரித்தேன் என்னும் கெட்டியான நுரையை நிரப்புவார்கள். இயந்திர அறைக்குள் நீர் புகுந்து நிறைந்தாலும் ஊர்தியை மூழ்கவிடாமல் தாங்குவது இந்நுரையே. அன்றியும் மேல் தரைக்கும் அடி ஓட்டுக்கும் இடையில் நின்று, மிதிக்கும் காலுக்கும் மோதும் அலைக்கும் ஈடுகொடுப்பதும் இதுவே.

கணக்கு எளியது. இத்தகைய நுரை ஒரு லிட்டர் அளவு எடுத்தால் அதன் எடை சுமார் 32 கிராம். அது விலக்கும் நீரின் எடையோ 1,000 கிராம். ஆகவே ஒவ்வொரு லிட்டர் நுரையும் ஏறக்குறைய 968 கிராம் சுமையைத் தாங்கும். 30 லிட்டர் நுரை 29 கிலோவைத் தாங்கும்.

நீர் புகும் வழி

இந்நுரையின் குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. புதிதாக இருக்கும்போது நீர் எளிதில் உள்ளே செல்லாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அலை மோதி மோதிக் குமிழிச் சுவர்கள் நைந்துபோகின்றன. கைப்பிடிக் கம்பத்தைப் பிணைக்கும் போல்ட்டுகளின் துளைகள், கால் பதிக்கும் பட்டைகளைப் பிடிக்கும் திருகுகள், தரையில் தோன்றும் மயிரிழை வெடிப்புகள் ஆகியவற்றின் வழியே நீர் கசிந்து இறங்குகிறது. இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. குளிர்நாடுகளில் மற்றொரு கேடும் உண்டு. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் மீதமிருக்கும் குமிழிகளில் சிலவற்றை உடைத்துவிட்டுப் போகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் நுரையில் ஊறிய நீர் ஊர்தியைக் கீழே இழுப்பதில்லை. நீருக்குள் நீருக்கு எடை தோன்றாது. இழப்பு யாதெனில், அந்த நுரை தந்துவந்த தாங்குதல் இல்லாமற் போவதுதான். ஊர்தி வேகமெடுத்து நீர்மட்டத்துக்கு மேலே எழும்போதோ அந்த நீர் முழுச் சுமையாகிவிடுகிறது. 20 லிட்டர் நுரை முற்றும் ஊறினால் 20 கிலோவை ஒட்டிய வீண் பாரம். ஓடும்போது இயந்திரத்துக்குத் தண்டச் சுமை. நடுநீரில் நின்றுவிட்டால் மிதப்பு இல்லை. கரையிலிருந்து அரை மைல் தூரத்தில் இயந்திரம் நின்று, உள்ளே நீரும் புகுந்துவிடுமானால், மிதவை அங்கி அணிந்த ஒருவன் பற்றிக்கொண்டு உதவிக்காகக் காத்திருக்கக்கூடிய பொருள் இந்த ஊர்தி ஒன்றுதான். அதுவே அவனை விட்டு ஆழத்துக்குப் போய்விடலாகாது. தந்தையாரின் வினாவுக்கு முதல் விடை இதுவே.

ஊறியிருப்பதை அறிவது எப்படி?

முதற்சோதனை நிறுத்துப் பார்ப்பது. நிறுவைப் பலகை முகதாட்சணியம் பார்ப்பதில்லை என்பது, பார்சல் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு நாள்தோறும் கிடைக்கும் பாடம். தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டுள்ள எடையோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். எரிபொருளையும், பின்னால் சேர்த்த உறுப்புகளையும் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். அடுத்த சோதனை, தரையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளையிட்டு, வளைந்த கம்பியால் நுரைத் துணுக்கு ஒன்றை எடுத்து விரலால் பிழிவது. நீர் சொட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. துளைகள் பல இட்டு, விளக்கின் சூட்டில் உலர்த்திவிடலாம் என்று சிலர் முயல்வதுண்டு. மூடிய குமிழிகளுக்குள் அகப்பட்ட நீர் அவ்வளவு எளிதில் வெளிவராது. அகற்றுவதே முறை.

அகற்றும் வேலை

இயந்திரத்தையும் மின்கலத்தையும் எரிபொருள் தொட்டியையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். தரையில் ஒட்டிய ரப்பர் விரிப்பையும் உரித்தெடுக்க வேண்டும். பிறகு, ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விளிம்பு விட்டு, தரையை அறுத்து ஒரே பலகையாகத் தூக்கலாம். அடி ஓட்டைத் தொட்டுவிடாதபடி அறுப்பானின் ஆழம் அளவாக இருத்தல் வேண்டும். அறுத்த பலகையைப் பத்திரப்படுத்துக. அதுவே மீண்டும் மூடியாகப் போகிறது. நுரையை உளி, சுரண்டி, கைரம்பம் ஆகியவற்றால் கட்டிகட்டியாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். பக்கச் சுவர்களின் இடுக்கிலுள்ளதை எடுப்பதற்குள் முழங்கை நோகும்; பொறுமைதான் அங்கே கருவி. எரித்து அகற்றலாம் என்ற எண்ணமே கூடாது. பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு உட்பட உயிரைக் கொல்லும் நச்சு வாயுக்கள் எழும்.

காலியான அறையைச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அதன் கொள்ளளவையும் அப்போதே லிட்டர் படியால் நீர் ஊற்றி அளந்துகொள்ளலாம். பின்னர் பல நாள் நன்கு உலரவிட வேண்டும்.

ஓட்டுக்கு உரமூட்டல்

அறை திறந்திருக்கும் இத்தருணமே ஓட்டை உள்ளிருந்து வலுப்படுத்த ஏற்ற தருணம். அலையின் மீதேறிக் குதிப்பவர்களின் ஊர்திகளில் மூக்குப் பகுதி, கம்பம் பிணைந்த இடம், இயந்திர அறைக்கும் தரைக்கும் நடுவிலுள்ள குறுக்குச் சுவர், அடி ஓடும் மேல் ஓடும் இணையும் விளிம்பு ஆகியவை முதலில் தளரும்.

இதற்கு ஏற்ற துணி, இழைகள் ஊடும் பாவுமாக மேலும் கீழும் வளையாமல், குறுக்குக் கோணங்களில் நேராகப் படுத்திருக்கத் தைக்கப்பட்ட கண்ணாடி நார்த்துணி. இழை வளையாதபடியால் இழுவிசையை உடனே ஏற்கிறது. பிசின்களில் பாலியஸ்டர் விலை குறைவு. ஆயினும் முன்பே இறுகிவிட்ட பழைய ஓட்டின்மேல் எபாக்ஸியின் பிடிப்பே உறுதி. அச்சில் அழுத்தி வார்க்கப்பட்ட ஓடுகளுக்கு எபாக்ஸியைத் தவிர வேறொன்றை நாடாதிருப்பது நலம்.

ஒட்டப்போகும் பரப்பை முரட்டு உப்புத்தாளால், பளபளப்பு முற்றும் நீங்கும்வரை தேய்க்க வேண்டும். கண்ணாடி நாரின் தூள் நுரையீரலுக்குப் பகை. முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. தேய்த்த பின் தூளை நீக்கி அசிட்டோனால் துடைக்க வேண்டும். வெடிப்பு இருந்தால், ஓட்டின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் செதுக்கிவிட்டு, அச்சரிவின்மேல் துணிகளைப் படிப்படியாக இட வேண்டும். எபாக்ஸியில் பிசினையும் இறுக்கியையும் நிறுவனம் குறித்த அளவிலேயே கலக்க வேண்டும். இறுக்கியைக் கூடுதலாக ஊற்றினால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம். அது என்றைக்கும் சரிவர இறுகாமலே போகும். துணியின் எடைக்குச் சமமான பிசின் போதும். எஞ்சியது பாரமே தவிர பலமன்று.

பெரும்பாலும் இரண்டு அடுக்குகள் போதும். அடி மிகுதியாக விழும் மூக்கில் மூன்று இடலாம். எல்லா அடுக்குகளின் விளிம்பும் ஒரே கோட்டில் முடியலாகாது. அப்படி முடிந்தால், கெட்டியான பகுதியும் நெகிழும் பகுதியும் சந்திக்கும் அக்கோட்டிலேயே அடுத்த வெடிப்பு தோன்றும். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடச் சில சென்டிமீட்டர் தள்ளி முடிய வேண்டும்.

புதிய நுரை

இரு திரவங்களைச் சேர்த்தால் பொங்கியெழும் பாலியூரித்தேன் நுரை கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு 32 கிராம் வகையானால், 30 லிட்டர் அறைக்கு 960 கிராம் திரவம் தேவை. வீணாவதற்காகச் சற்றுக் கூட்டி 1,100 கிராம் எனக் கொள்ளலாம். வெப்பநிலை 25 டிகிரி அளவில் இருத்தல் நன்று. கலந்தபின் அரை நிமிடத்துக்குள்ளாகவே பொங்கத் தொடங்கிவிடுமாதலால் சிறுகச் சிறுகக் கலந்து, விரைந்து ஊற்ற வேண்டும். ஒன்று இறுகி ஆறிய பிறகே அடுத்தது. முழுவதையும் ஒரே தடவையில் மூடிய அறைக்குள் ஊற்றினால், பொங்கும் விசையால் ஓடு புடைத்துக் கோணிவிடும்; நடுப்பகுதி தன் சூட்டிலேயே கருகுவதும் உண்டு. ஆகையால் தரை திறந்திருக்கும்போதே ஊற்றி, மிஞ்சி எழுந்ததைக் கைரம்பத்தால் சமமாக அறுத்து, அறுத்த முகத்தில் பிசின் பூசி அடைப்பது சிறந்தது. இத்திரவங்களின் ஆவி மூச்சுக்குத் தீங்கு செய்வது. காற்றோட்டமும் தக்க முகமூடியும் கட்டாயம் தேவை.

தெர்மாகோல் போன்ற பாலிஸ்டைரின் பலகைகளை வெட்டி அடுக்குவாரும் உளர். பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும். பாலியஸ்டர் பிசினும் அதைக் கரைக்கும். நுரையே வேண்டாம், காற்றறையாக விட்டுவிடலாம் என்பாரும் உண்டு. ஒரு வெடிப்பு விழுந்தால் காற்று முழுவதும் போய்விடும். நுரைக்கோ, வெடிப்பு விழுந்த இடத்தில் மட்டுமே இழப்பு.

முடிவில், எடுத்துவைத்த பலகையை விளிம்பின்மேல் எபாக்ஸியால் ஒட்டி, இணைப்பின்மீது நார்த்துணி இட்டு மூட வேண்டும். ஒவ்வொரு திருகுத் துளையையும் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் புதிதாகத் துளையிட்டால், பழைய கசிவு திரும்பாது. வேலை முடிந்ததும் மறுபடி நிறுத்து, அவ்வெடையைக் குறித்துவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நீர் மீண்டும் புகுந்திருந்தால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நம் கரைக்கும் உரியது

இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. கட்டுமரத்தின் மரங்கள் நீரூறிக் கனத்துவிடும் என்பதனால், கட்டவிழ்த்துக் கரையில் உலர்த்தும் வழக்கம் நம் மீனவரிடம் தொன்றுதொட்டு உண்டு. மரம் உலரும், ஆகவே அங்கு உலர்த்துதலே பழுதுபார்த்தல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரைகளில் கண்ணாடி நார்ப் படகுகள் பெருகின. அவற்றின் மிதப்பு அறைகளிலும் நுரையோ தெர்மாகோலோ நிரப்புவதுண்டு. அப்படகுகளில் தொழில் செய்யும் உறவினர் உடைய அன்பர்கள், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது ஒன்றை மட்டும் சொல்லி வரலாம்: கரையேற்றும் வேளையில் படகு முன்னைவிடக் கனக்கிறதென்று நான்கு பேர் சொன்னால், அலுப்பென்று தள்ளிவிடாமல், மிதப்பு அறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

விளையாட்டு ஊர்தியோ பிழைப்புக்குரிய படகோ, கண்ணுக்குத் தெரியாத அறையில் இருப்பதுதான் நடுநீரில் ஆளைக் காக்கிறது. அதனைத் திறந்து பார்த்துச் சீர்செய்யச் செலவிடும் சில வாரங்கள் வீண்செலவாகா என்பதே நம் கருத்து.