கரியில் பிறக்கும் எண்ணெய்

2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தில் பெல்மதுளையில் பெற்றோலுக்காக நெடுநேரம் வரிசையில் நின்றேன். தோட்டத்துக் கொழுந்து லொறியும் அதே வரிசையில் காத்திருந்தது. அருகில் நின்ற என் மாணவன், "ஐயா, கரியிலிருந்து பெற்றோல் எடுக்கலாமாமே?" என்று வினவினான்.

எடுக்கலாம். எண்ணெயில் நிறைந்திருக்கும் ஐதரசன் கரியிற் குறைவு. அதை ஊட்டிவிட்டால் கரி திரவமாகும். யேர்மனியரான பேர்கியுஸ் கரித்தூளை எண்ணெயிற் குழைத்து, பேரமுக்கத்திலும் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் இதைச் சாதித்தார். 1931இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். லொய்னா ஆலையில் 1927 முதல் தாழ்தரப் பழுப்பு நிலக்கரியே பெற்றோலாயிற்று. சாதாரண ஊக்கிகளைக் கரியிலுள்ள கந்தகம் கெடுத்துவிடும். கந்தகத்தைத் தாங்கும் ஊக்கிகளைக் கண்ட பின்னரே அங்கு வழி பிறந்தது.

ஆனால் ஐதரசனை ஆக்கவும் கரியே செலவாயிற்று. போர்க்காலத்தில் எண்ணெய் வழிகள் அடைபட்ட யேர்மனி விலை பாராமல் அதைச் செய்தது. தமிழகத்து நெய்வேலியிலோ பழுப்பு நிலக்கரி பெரும்பாலும் மின்சாரமாகவே மாறுகிறது. நம் தீவின் நுரைச்சோலை மின்நிலையத்திற்குக் கரியே கடல் கடந்துதான் வருகிறது.

"முடியுமா என்று கேட்டாய், தம்பி, நன்று. என்ன விலைக்கு என்றும் கேள்" என்றேன். மறுநாள் அவன் கணக்குக் கொப்பியுடன் வந்தான்.