ஊசி மட்டும் போதாது!

பாலியல் குற்றச் செய்தி வந்ததுமே, 'ஆளுக்கு மனநிலை சரியில்லையாம்' என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. யாருக்கும் தீங்கு நினைக்காமல் நோயோடு போராடும் லட்சக்கணக்கானவர்கள் மீது இதனால் வீண்பழி விழுகிறது. பாதிக்கப்பட்டவருக்கோ, குற்றவாளி தப்பிவிடுவாரோ என்ற பயம்.

மருத்துவச் சான்று மட்டும் யாரையும் காப்பாற்றாது. செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அந்த நேரத்தில் அறிய முடியாத நிலையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவும், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவும் சொல்வது இதுதான்.

நோய் வேறு, குற்றம் வேறு

மனச்சிதைவு உள்ளவர்களில் மிகச் சிலர், காதில் ஒலிக்கும் குரலின் கட்டளைப்படி குற்றம் செய்வதுண்டு. மருந்தில் குரல் அடங்கினால் ஆபத்தும் குறையும். வேறு சிலருக்குக் குரல் அடங்கிய பிறகும் குடிப்பழக்கம், குழந்தைகள் மீதான இச்சை, பெண்ணின் மறுப்பை மதிக்காத மனம் எல்லாம் அப்படியே இருக்கும். எந்த எண்ணத்தில் தொடங்கி எப்படிக் குற்றம் வரை போனார் என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் சிகிச்சை இவர்களுக்குத் தேவை. இச்சையைத் தணிக்கும் ஹார்மோன் மருந்துகளும் உண்டு. அவை எலும்பைப் பலவீனமாக்கும் என்பதால் சம்மதமும் தொடர் பரிசோதனையும் அவசியம். மருந்தால் ஆண்மை நீக்குவதைத் தண்டனையாக்க, பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்தப் பரிந்துரைத்த நீதிபதி வர்மா குழு 2013-லேயே மறுத்துவிட்டது.

மனச்சிதைவுக்கான மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துத் துப்பிவிடலாம். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு வராவிட்டால் அன்றே நர்சுக்குத் தெரிந்துவிடும். ஆனால், தெரிந்ததும் தேடிப்போக ஆள் வேண்டுமே!

வெளியே வந்த பிறகு?

மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல மையம் வேண்டும் என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-வது பிரிவு. ஆனால், விடுதலைக்குப் பிறகுதான் பெரிய ஓட்டை.

கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994-ல், பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்று விடுதலையான ஒருவரைக் கண்டு ஊரே கொதித்தது. ஒரு பாதிரியாரும் சில தன்னார்வலர்களும் அவரைச் சுற்றி ஒரு குழுவாக நின்றார்கள். உதவியும் செய்தார்கள், தடுமாறினால் தட்டியும் கேட்டார்கள். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

இங்கேயும் விடுதலைக்கு முன்பே சிறை மருத்துவரின் கோப்பு மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் கைக்குப் போக வேண்டும். அடுத்த ஊசி எந்தத் தேதியில், யார் பொறுப்பில் என்பது முடிவாகியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். குற்றவாளிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இது இன்னொரு குழந்தை பாதிக்கப்படாமல் தடுப்பதற்கான செலவு.